ஈரக்காற்று ஊரில் ஒரு சுருட்டுப் பெட்டி

2016 ஆனி மாதம். நான்கு நாள்களாகச் சாரல் விடவில்லை. அலமாரியின் நடுத்தட்டில் துணி போர்த்தி வைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்தபோது, எதிர்பார்த்திருந்த இலைமணத்துக்குப் பதிலாக, மழைக்காலம் முழுவதும் மடித்தே கிடந்த ஜமுக்காளத்தின் முடைவாடை மூக்கில் ஏறியது. மேல்வரிசையில் இருந்த எட்டுச் சுருட்டுகளின் அடிப்பக்கத்தில், பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளைப் பூசணம். அவற்றில் இரண்டில் அது பச்சையாகவே மாறியிருந்தது. பெட்டியின் மூடியில் பதித்திருந்த வட்டமான ஈரப்பதமானியின் முள் மட்டும், தனக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பது போல, 70இல் அசையாமல் நின்றது.

அந்தப் பெட்டியையும் சுருட்டுகளையும் கொடுத்தவர் என் அக்காவின் கணவர். சரக்குக் கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர். ஊருக்கு வரும்போது மற்றவர்களுக்கு சென்டும் சாக்லேட்டும் வந்தால், எனக்குச் சுருட்டு வரும். விமானத்தில் வரும் பயணி தீர்வை கட்டாமல் 25 சுருட்டுகள் கொண்டுவரலாம் என்று 2016ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகள் சொன்னதும், சுருட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 25 என்று அடுக்குவதும் அவருக்கு வசதியாகப் பொருந்திப்போயின. பெட்டியோடு ஒரு வழிகாட்டித் தாளும் வந்தது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை வாரத்துக்கு ஒரு முறை காய்ச்சி வடித்த நீரில் நனைத்து வைக்க வேண்டும், ஈரப்பதம் 70 சதவீதமும் வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸும் இருக்க வேண்டும் என்றது அது. பெட்ரோல் பங்கில் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்து, வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நனைத்து வைத்தேன். பூசணம் பிடித்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அத்தான் முதலில் கேட்டது இதைத்தான்:

"மக்கா, அதுல தண்ணி வச்சியாடே?"

"வாராவாரம் வச்சேன் அத்தான். தாள்ல அப்படித்தான போட்டிருக்கு."

"நம்ம ஊருல எதுக்குடே தண்ணி? ஜன்னலத் தொறந்தா தண்ணிதான வருது."

சுருட்டை வீட்டில் வைத்துக் காப்பது, பழுக்கவிடுவது பற்றி எழுத உட்கார்ந்தால், இந்த ஒரு வாக்கியத்தை விரித்துச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இருப்பதாகத் தோன்றவில்லை. உலகில் இது பற்றி எழுதப்பட்ட அறிவுரைகளில் பெரும்பகுதி, குளிர்காலத்தில் வீட்டுக்குள் கணப்பு மூட்டும் நாடுகளில் எழுதப்பட்டவை. உறைநிலைக்கு அருகில் இருக்கும் வெளிக்காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே சுருட்டு ஒரு வாரத்தில் சருகாகும். ஆகவே அவர்கள் ஈரம் ஊட்டுகிறார்கள். நாங்களோ இரண்டு மழையையும் வாங்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி தொடங்கிப் புரட்டாசி வரை மேற்கிலிருந்து ஒரு மழை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கிலிருந்து இன்னொன்று, இடையில் கடற்காற்று. நாகர்கோவிலைச் சுற்றி மழை மாதங்களில் 80 சதவீதத்தைத் தாண்டிய காற்றைத்தான் நாங்கள் பெரும்பாலும் சுவாசிக்கிறோம். இங்கே ஹியூமிடார் எனும் சுருட்டுப் பெட்டியின் வேலை ஈரத்தைக் கொடுப்பதல்ல, தடுப்பது. இது புரிய எனக்கு எட்டுச் சுருட்டுகள் ஆயின.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நான் மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிடிப்பவன். புகை புகைதான், பத்து வருடம் பழுக்கவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் அது செய்யும் கேட்டில் ஒரு பங்குகூடக் குறையாது. யாரையும் இந்தப் பழக்கத்துக்கு அழைப்பதற்காக இதை எழுதவில்லை. ஏற்கெனவே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அது பூத்துப்போவதைப் பார்த்து விழிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

புகையிலை காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்றுக்கே திருப்பியும் கொடுக்கும். சுற்றியுள்ள காற்று 65 சதவீத அளவில் நின்றால், சுருட்டு விரலால் அழுத்தும்போது மெல்ல அமுங்கி மறுபடி எழும். 75ஐத் தாண்டினால் உள்ளிலை ஊதி, மேலே சுற்றிய மெல்லிய இலை வெடிக்கும், இழுக்க வராது, ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் கருகி நிற்கும், பூசணத்துக்கும் அதுதான் வாசல். 55க்குக் கீழே போனால் மேலிலை அப்பளம் போல நொறுங்கும், புகை சூடாகி நாக்கைச் சுடும், மணம் தரும் எண்ணெய்கள் போய்விடும். பிறகு எவ்வளவு பொறுமையாக ஈரம் ஏற்றினாலும் அந்த மணம் திரும்பாது. 70 சதவீதம் என்ற பழைய எண் 21 டிகிரிக்குச் சொல்லப்பட்டது என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறோம். 28 டிகிரி வீட்டில் 70 என்பது பூசணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். நான் 62க்கும் 65க்கும் நடுவில் வைக்கிறேன்.

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், இந்த அறிவு எங்கள் வீட்டிலேயே இருந்தது. கருப்பட்டியை மழைக்கு முன்பே ஓலைச்சிப்பமாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள். கீழே வைத்தால் ஆடிக்குள் கசிந்து உருகிவிடும் என்று வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைக்கூண்டில் தொங்கவிடுவதும், கொப்பரையை ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூத்துவிடும் என்பதும் அதே பாடம். ஆச்சி தன் வெற்றிலைப் பெட்டிக்கான புகையிலையை வாழைச்சருகில் சுற்றி, அதைப் பனையோலைக் கொட்டானில் போட்டு, கொட்டானைப் பத்தாயத்தின் மேல் வைத்திருந்தாள். ஒரு நாளும் அதில் அவள் தண்ணீர் தெளித்து நான் பார்த்ததில்லை. தெற்குத் திருவிதாங்கூருக்குப் புகையிலை புதிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழி வந்த புகையிலையை விற்கும் உரிமையைத் திருவிதாங்கூர் அரசு தன் கையிலேயே வைத்திருந்தது. மாதவ ராவ் திவானாக இருந்த 1860களில்தான் அந்த ஏகபோகம் ஒழிந்தது. ஆச்சி காலம் வரைக்கும் நல்ல புகையிலை என்றால் யாழ்ப்பாணத்துப் புகையிலைதான். இவ்வளவு பழக்கம் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு வெளிநாட்டுத் தாளை நம்பி ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டிருந்தேன்.

பூசணத்துக்கு அடுத்ததாக அந்த முள்ளைச் சந்தேகித்தேன். பெட்டியின் மூடியைக் கழற்றி ஏசி ஓடும் அறையில் ஒரு இரவு வைத்தேன்: 70. குளியலறையில் வெந்நீர் ஆவிக்கு நடுவே வைத்தேன்: 70. அழகுக்காகப் பதித்த முள் அது. பிறகு இலக்கத்தில் காட்டும் சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கினேன். அதையும் அப்படியே நம்பக்கூடாது என்று உப்பு வைத்துச் சோதிக்கப் புறப்பட்டேன். சோதனை எளிது. ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் ஈரமணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அந்த மூடியையும் மானியையும் ஒரே ஜிப்லாக் கவருக்குள் வைத்து மூடி, பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அசைக்காமல் விட வேண்டும். சாதாரண உப்பான சோடியம் குளோரைடின் தெவிட்டிய கரைசலுக்கு மேலே நிற்கும் காற்று, நம் வீட்டு வெப்பநிலைகளில், ஏறக்குறைய 75 சதவீதத்திலேயே நிற்கும். மானி 75 காட்டினால் சரி. வேறு எண் காட்டினால் அந்த வித்தியாசத்தை எப்போதும் கூட்டியோ கழித்தோ படிக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பளம் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். உப்புக்கா பஞ்சம் என்று, புதிதாக வாரிய கல்லுப்பை ஒரு பிடி வாங்கிவந்து வைத்தேன். மறுநாள் மானி 67 காட்டியது. எட்டுப் புள்ளி குறைவு என்று கணக்கெழுதிவிட்டு, மனம் ஒப்பாமல் கடையில் விற்கும் பாக்கெட் தூளுப்பைக் கொண்டு மறுபடியும் செய்தேன், 71 வந்தது. ஒரே மானி, ஒரே கவர், இரண்டு உப்பு, இரண்டு எண்கள். அளத்தில் பல வருடம் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "புது உப்பு கசக்கும், வேர்க்கும். அம்பாரமாப் போட்டு ஒரு மழ பாத்த உப்புதான் நிக்கும்" என்றார். அவர் சொன்ன கசப்பும் வேர்வையும் மக்னீசியம் உப்புகள். மக்னீசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசல் காற்றை 33 சதவீதத்துக்கே இழுத்து வைக்கும். அது கொஞ்சம் கலந்திருந்தாலும் 75 என்ற எண் கீழே சரிந்துவிடும். அம்பாரத்தில் கிடக்கும்போது அந்தப் பங்கு ஈரத்தை வாங்கித் தானே கரைந்து வடிந்துவிடுகிறது. ஆகவே சோதனைக்குப் பாக்கெட் உப்பே சரி. என் மானிக்கு நான்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதன் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தப் பலரும் பயன்படுத்தும் போவேடா பாக்கெட்டுகளுக்கு உள்ளே இருப்பதும் இதே தத்துவம்தான்: ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிற்கும்படி தேர்ந்தெடுத்த உப்புக்கரைசல், நீராவியை மட்டும் விடும் உறைக்குள். காற்று வறண்டால் ஈரம் கொடுக்கும், மிஞ்சினால் வாங்கிக்கொள்ளும். 62, 65, 69, 72 என்று எண் போட்டு விற்கிறார்கள். 25 சுருட்டுக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று என்பது கணக்கு. வறண்ட நாடுகளில் அது நாளடைவில் காய்ந்து கட்டியாகிறது. என் வீட்டில் அது உப்பிப்போய், பால் பாக்கெட் போலத் தளும்புகிறது. அப்போது அதை ஏசி அறையில் சில நாள் போட்டுவைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். பெட்டியின் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் இந்தப் பாக்கெட்டுகள் ஊர்க்காற்றையே வற்றவைக்க முயன்று தோற்கும். பத்து ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடியை அடைத்து இழுத்துப் பாருங்கள். நோட்டு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

மர விஷயத்தில் நான் செய்த பிழையை இங்கே எழுதாமல் போனால் நியாயமாகாது. சுருட்டுப் பெட்டிக்குள் ஸ்பானிஷ் சீடர் மரம் அடிப்பார்கள் என்று படித்து, சீடர் என்றால் தேவதாரு என்று அகராதி சொன்னதை நம்பி, வடநாட்டிலிருந்து வந்த தேவதாருப் பலகையை ஆசாரியிடம் கொடுத்து இழைக்கச் சொன்னேன். பிசின் வாடை தலைவலியைக் கொடுத்தது. இரண்டே மாதத்தில் சுருட்டெல்லாம் தைலம் பூசியது போல மணத்தன. ஸ்பானிஷ் சீடர் சீடரே அல்ல. அது தேவதாரு போன்ற ஊசியிலை மரமும் அல்ல. மகோகனியும் நம் வேம்பும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த அகன்ற இலை மரம். அந்தக் குடும்பத்தில் அதற்கு மிக நெருங்கிய உறவு, மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் சந்தனவேம்பு. அந்த மரத்திலும் சுருட்டுப் பெட்டி செய்த வழக்கம் இந்தியாவில் இருந்திருக்கிறது. ஆசாரியிடம் இதைச் சொன்னபோது, "சந்தனவேம்புன்னு மொதல்லயே சொல்லியிருக்கப்பிடாதா சார், பழைய கட்டில் சட்டம் ஒண்ணு கெடக்கே" என்று உள்ளே போனார். அந்தச் சட்டத்தை இழைத்தபோது எழுந்த மணம் மெல்லியது, சற்றே இனிப்பு. அதிலிருந்து அறுத்த மெல்லிய பலகைகள்தான் இன்றும் என் தட்டுகள். அயனியிலும் தேக்கிலும் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெளிக்கூட்டுக்குச் செய்யலாம், உள்ளே வேண்டாம் என்பேன்.

பூசணம் கண்ணுக்குத் தெரியும் பகைவன். வண்டு அப்படி அல்ல. 2017 சித்திரையில் ஒரு சுருட்டை எடுத்தபோது, அதன் நடுவில் குண்டூசியால் குத்தியது போல ஒரு துளை; வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தால் காப்பிப்பொடி போல ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது. அதன் கூடவே, இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், செம்பழுப்பான, தலையை உள்ளே குனிந்துகொண்ட ஒரு பூச்சி. தொட்டதும் செத்தது போல அசையாமல் கிடந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய் மல்லி டப்பாவைக் கொண்டுவந்து திறந்து நீட்டினாள். "பாருங்க, ஒங்க சுருட்டுல கெடக்கதும் எம் மல்லியில கெடக்கதும் ஒரே வண்டு." உண்மைதான். அறிவியலில் லேசியோடெர்மா செர்ரிகார்னே என்று பெயர் பெற்ற புகையிலை வண்டு, மல்லி, வற்றல், மஞ்சள், சுக்கு எதையும் விட்டுவைக்காது. எது எதற்குத் தொற்றியது என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை; ஆனால் சுருட்டுப் பெட்டி மசாலா இருக்கும் சுவரோடு ஒட்டி நின்றது என் குற்றம்தான்.

அந்த வண்டின் முட்டை, தோட்டத்திலோ கிடங்கிலோ இலையோடு வந்து, சுருட்டுக்குள் கண்ணுக்குப் படாமல் கிடக்கும். குளிர்ந்த இடத்தில் அது பொரிப்பதில்லை. 24, 25 டிகிரியைத் தாண்டி ஈரமும் சேர்ந்தால் ஆபத்து தொடங்குகிறது. எங்கள் மாவட்டத்தில் மார்கழி விடியற்காலையைத் தவிர பெரும்பாலான நேரம் அந்த அளவுக்கு மேல்தான். ஆகவே இங்கே எந்தச் சுருட்டு வந்தாலும், எவ்வளவு பெரிய பெயருடையதாக இருந்தாலும், முதலில் ஃப்ரீசருக்குப் போக வேண்டும். பெரிய தயாரிப்பாளர்கள் பலர் ஏற்றுமதிக்கு முன் தாங்களே உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நடுவில் எந்தக் கிடங்கில் எந்த மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்ததோ யார் கண்டது? சுருட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப்லாக் கவர்களில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலும், பின்பு மூன்று, நான்கு நாள் மைனஸ் 18 டிகிரி உறைகுளிரில் ஃப்ரீசரிலும், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வைத்து, வெளியே எடுத்த பிறகும் அறை வெப்பத்துக்கு வரும்வரை கவரைப் பிரிக்காமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். 30 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள நம் காற்று, 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன் மேல் நீர்த்துளியாக வியர்க்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் தெரியும். கவரைப் பிரித்தால் அந்த வியர்வை சுருட்டின் மேல் விழும். மேலிலை சுருங்கும்போது வெடிக்கும்.

இதே வியர்வைதான் ஒயின் வைக்கும் சின்னக் குளிர்பெட்டியின் மேல் எனக்கிருந்த மோகத்தைக் கலைத்தது. கம்ப்ரஸர் இல்லாத, மின்னால் குளிரும் தகடு வைத்த வகை அது. 18 டிகிரி வைக்கலாம் என்று விற்றார்கள். வெளியே 32 டிகிரி இருக்கும் சித்திரையில் அது 22க்குக் கீழே இறங்கவே இல்லை. குளிர்த்தகட்டில் சேரும் நீர் உள்ளேயே சொட்டியது. பிறகு 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி ஒவ்வொரு கடற்கரை ஊரிலிருந்தும் வந்துகொண்டிருந்த நாள்களில் சுருட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, நினைத்திருந்தால் கூசியிருப்பேன். சாய்ந்த மரங்களும் கம்பங்களுமாக இருந்த எங்கள் பக்கத்தில் மின்சாரம் திரும்ப நாள்கள் ஆயின. எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே அறையின் வெப்பம். தகட்டு நீர் ஆவியாகி மானி, திருத்தத்தோடு சேர்த்து, 78 காட்டியது. ஆறு சுருட்டுகளின் அடியில் மறுபடியும் வெள்ளை.

மின்சாரத்தை நம்பாத ஒன்று வேண்டும் என்று தேடியபோது விடை குளச்சல் சாலையில் கடைவாசலில் அடுக்கி வைத்திருந்தது: மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைக்கும், தடித்த சுவருள்ள பிளாஸ்டிக் பெட்டி. புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. மீன் ஏறி இறங்கிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் சுருட்டில் இன்றும் சாளை மணக்கும். மூடியில் ரப்பர் ஓரம் இருப்பதாகப் பார்த்து வாங்கி, சோடாமாவுத் தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் திறந்தே உலரவிட்டு, உள்ளே சந்தனவேம்புத் தட்டுகளை இறக்கி, போவேடா 62 பாக்கெட்டுகளைப் போட்டேன். வடக்குப் பக்கத்து உள்ளறையில், சிவப்புச் சிமெண்ட் தரையில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பகலிலும் இரவிலும் வெளியே ஏழெட்டு டிகிரி ஏறி இறங்கும்போது உள்ளே ஒரு டிகிரிகூட அசைவதில்லை; கோடையில் 28, மார்கழியில் 25. நூல்கள் சொல்லும் 21 இல்லை, உண்மைதான். ஆனால் உறைய வைத்து வண்டைக் கொன்றுவிட்ட சுருட்டுக்கு, 63 சதவீதத்தில் நிற்கும் 27 டிகிரி, தினமும் பத்து டிகிரி ஆடும் 21ஐவிட நல்லது என்பது என் ஏழெட்டு வருடக் கணக்கு. ஏசி அறையில் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: இரவில் 24, பகலில் 31, அது பெட்டியை நாள்தோறும் மூச்சுவிட வைக்கும். பனி உறைந்த பாட்டிலை உள்ளே மாற்றி மாற்றி வைக்கும் யோசனையையும் செய்து பார்த்துவிட்டேன், அதிலும் வியர்வைதான். பெட்டி நிறைந்திருந்தால் இலையே ஈரத்தின் சேமிப்பாக நிற்பதால் எண் அலையாது. காலியிடத்தைச் சந்தனவேம்புத் துண்டுகளால் நிரப்பியிருக்கிறேன்.

பழுக்கவிடுவது பற்றி மிகையாகப் பேசுகிறார்கள். சுருட்டு திராட்சை மதுவல்ல, கருவாடும் அல்ல. இலை தோட்டத்திலிருந்து வந்ததும் குவியலாக அடுக்கி, தானே சூடேறிப் புளிக்கவிட்டு, பின்பு மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ கட்டி வைத்துத்தான் உருட்டுகிறார்கள். பெரிய மாற்றங்கள் அங்கேயே முடிந்துவிடும். உருட்டும்போது கிழியாமல் இருக்க இலையை ஈரமாக்குவதால், புளிப்பு மறுபடி லேசாகக் கிளம்பி அம்மோனியா வெளியாகிறது. புதுச் சுருட்டின் அடியை மோந்தால் மாட்டுத்தொழுவத்தின் காரம் வந்தால், அது இன்னும் ஆறவில்லை என்று பொருள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இந்தக் காரம் அடங்குகிறது. அதற்குப் பிறகு உள்ளிலை, அதைச் சுற்றிக் கட்டும் கட்டு இலை, மேலிலை மூன்றின் மணமும் ஒன்றோடொன்று இழைகின்றன. காரமான, எண்ணெய்ப்பசையுள்ள கனத்த சுருட்டுதான் காத்திருப்புக்குக் கூலி கொடுக்கும். இளம் பழுப்பு இலை சுற்றிய மென்மையான வகையை மூன்று வருடம் வைத்தால், வைக்கோல் மணம் மட்டும் மிஞ்சும். நிகராகுவா நாட்டுச் சுருட்டு ஒன்றை வந்த மாதத்தில் பிடித்தபோது நல்லமிளகு கடித்தது போல இருந்தது; அதே பெட்டியில் பதினான்காம் மாதம் பிடித்ததில் மிளகு பின்னால் போய் வறுத்த கொப்பரையின் எண்ணெய் மணம் முன்னால் வந்தது; மூன்றாம் வருடம் கருப்பட்டிக் காப்பி. நான்காம் வருடம் ஒன்றும் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தது என்றுகூடத் தோன்றியது. மீதியை அந்த வருடமே முடித்தேன்.

இந்தக் கணக்குக்கு நாள் தெரிய வேண்டும். கியூபாச் சுருட்டுப் பெட்டியின் அடியில் ஆலைக்குறியும் மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். மாதம் ஸ்பானிய மொழியின் சுருக்கம், 'எனெ' என்றால் ஜனவரி, 'அகோ' என்றால் ஆகஸ்டு. மற்றவற்றுக்கு வந்த தேதியை நானே பென்சிலால் எழுதுகிறேன். செலோபேன் உறையைக் கழற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள், கழற்ற வேண்டாம். அது நீராவியை விடும், வண்டு ஒன்றில் தப்பியிருந்தாலும் அடுத்ததற்குத் தாவாமல் கொஞ்சம் தடுக்கும், வருடம் ஏற ஏற உள்ளிருக்கும் எண்ணெயை வாங்கி மஞ்சளாகி வயதையும் காட்டும். மேலிலையில் வெண்துகள் படிந்தால் அது இலையின் எண்ணெய் பூத்துவந்த நல்ல குறி என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். என் பெட்டியில் நான் கண்ட வெள்ளையெல்லாம் பூசணம்தான். மேலே மட்டும் லேசாக இருந்தால் துணியால் துடைத்துத் தனியே வைத்துச் சீக்கிரம் பிடித்துவிடலாம். அடிவாயிலில் ஏறியதையும், நீலமோ பச்சையோ ஆனதையும் குப்பையில்தான் போட வேண்டும்.

நம் சுருட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலக்காரர்கள் 'செரூட்' என்று எழுதிக்கொண்டதே நம் சொல்லைத்தான். உறையூர், திண்டுக்கல் சுருட்டுகள் எங்கள் பக்கத்துக் கடைகளில் கோயில் கொடைக்காலத்தில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். சுடலைமாடனுக்குச் சுருட்டு இல்லாமல் படையல் ஏது? அவற்றில் பத்தை ஒரு முறை வைத்துப் பார்த்தேன். இனிப்பு ஏற்றிய வகை முதல் மழைக்கே பிசுபிசுத்தது. ஏற்றாத வகை இரண்டு வருடம் கழித்தும் நேர்மையாகவே இருந்தது, முன்பைவிடச் சற்றுச் சாந்தமாக. இரண்டையும் கியூபாச் சுருட்டுகளோடு ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது, மணம் கலந்துவிடும். மாறாமலைக் கிராம்பு வைத்த டப்பா ஒரு வாரம் பக்கத்தில் இருந்ததற்கே ஒரு தட்டு முழுவதும் பல்வலி மருந்தாக மணத்த கதை தனி.

அத்தான் இப்போது கப்பலை விட்டுவிட்டார். போன ஐப்பசியில் வந்தவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூடியைத் திறந்து, மானியைப் பார்த்து, அதன் முதுகில் ஒட்டியிருந்த 'நான்கு கூட்டுக' என்பதையும் வாசித்துவிட்டு, 2018இல் முத்திரையிட்ட பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் முற்றத்துக்குப் போய்விட்டார். அவர் முதலில் கொடுத்த மரப்பெட்டியில் மனைவி ஊசி நூல் வைத்திருக்கிறாள். அதன் மூடியில் இருக்கும் முள் இன்றைக்கும் 70தான் காட்டுகிறது.